கொதிக்கும் கல்

தட்டான் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு சின்ன விளக்கு. அதன் சுடருக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஊதுகுழலை வைத்து ஆசாரி ஊதுவார். சுடர் ஊசி மாதிரி நீண்டு போய், நகையின் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பழுக்கக் காய்ச்சும்.

கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு குழலை வைத்துக்கொண்டு, 1750-களில் ஸ்வீடனில் ஒருவர் கையில் கிடைத்த கல்லையெல்லாம் ஊதிக்கொண்டிருந்தார். பெயர் ஆக்ஸெல் ஃப்ரெட்ரிக் குரோன்ஸ்டெட். சுரங்கத்துறைக்காரர். நிக்கல் என்ற உலோகத்தை 1751-ல் உலகத்துக்குக் காட்டியவர் இவர்தான். கனிமங்களை எப்படி இனம் பிரிப்பது என்று 1758-ல் ஒரு அருமையான புத்தகம் எழுதிவிட்டு, அதில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாத ஆசாமி!

1756-ல் ஒருநாள் ஒரு புதுக் கல்லை எடுத்துச் சுடரில் காட்டினார். கல் என்ன செய்யும்? சிவக்கும், வெடிக்கும், இல்லை உருகும். இது அது எதையும் செய்யவில்லை. ‘புஸ்’ஸென்று பொங்கியது. பால் பொங்குகிற மாதிரி நுரைத்து, ஆவி விட்டது. கல்லுக்குள் தண்ணீரா? குரோன்ஸ்டெட் அசந்துபோனார். கிரேக்க மொழியில் ‘ஸீயோ’ என்றால் கொதிப்பது, ‘லித்தோஸ்’ என்றால் கல். இரண்டையும் ஒட்டி ஒரு பெயர் வைத்தார். ஜியோலைட். கொதிக்கும் கல்.

பெயர் வைத்ததோடு சரி. அடுத்த 200 வருஷத்துக்கு அந்தக் கல் பெரும்பாலும் மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் தூங்கியது. நம் மகாராஷ்டிரத்தில், புனே, நாசிக் பக்கம் எரிமலைப் பாறைகளை உடைத்தால் உள்ளே ஜியோலைட் படிகங்கள் பூப்பூவாக இருக்கும். உலகம் முழுக்கக் கல் சேகரிக்கிறவர்கள் அதற்கு ஆசைப்படுவார்கள். அழகுப் பொருள், அவ்வளவுதான் மரியாதை.

இன்றைக்கு உங்கள் பைக்கில் இருக்கிற பெட்ரோல், உடம்பில் இருக்கிற பாலியெஸ்டர் சட்டை, துணி துவைக்கிற பவுடர், ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன், மெத்தைக்குள் இருக்கிற ஃபோம்... இத்தனைக்கும் பின்னால் அந்தக் கல்லோ, அதன் தம்பி தங்கைகளோ இருக்கிறார்கள். எப்படி நடந்தது இது?

அதற்கு முதலில் கல்லுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சிலிக்கன், அலுமினியம், ஆக்ஸிஜன். இந்த மூன்றும் கைகோத்துக் கட்டிய ஆயிரங்கால் மண்டபம்தான் ஜியோலைட். வரிசை வரிசையாகத் தூண்கள், நடுவில் அறைகள், அறைக்கு அறை வாசல், நீளமான பிராகாரங்கள். எல்லாம் ஒரே அளவு, துல்லியமாக! வாசலின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சிலவற்றில் அதில் பாதி. அந்த அறைகளில் குடியிருந்த தண்ணீர்தான் அன்றைக்குக் குரோன்ஸ்டெட்டின் சுடரில் ஆவியாக ஓடிவந்தது. தண்ணீரை விரட்டினால் மண்டபம் இடிந்து விழாது. காலியாக நிற்கும். அடுத்த குடித்தனம் வரலாம்.

இதை அப்படியே ஞாபகத்தில் வையுங்கள். இப்போது கல்லை விட்டுவிட்டு ஒரு கார் பைத்தியத்தின் கதைக்குப் போகவேண்டியிருக்கிறது.

* * *

யூஜீன் ஹூட்ரி. 1892-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்புத் தொழில். பையன் இன்ஜினீயரிங் படித்தான், முதல் மாணவனாகத் தேறினான், கால்பந்து டீமுக்குக் கேப்டனாக இருந்தான். முதல் உலகப் போர் வந்ததும் டாங்குப் படைக்குப் போனான். 1917-ல் ழுவின்கூரில் பிரான்ஸ் முதன்முதலாக டாங்குகளை இறக்கிய சண்டை. குண்டுமழைக்கு நடுவே, ரிப்பேராகி நின்ற டாங்குகளைச் சரிசெய்ய ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது பலத்த காயம். பதக்கம் கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் ஹூட்ரிக்குக் கார் ரேஸ் பித்து பிடித்தது. அமெரிக்காவுக்குப் போய் இண்டியானாபோலிஸ் பந்தயத்தையும் ஃபோர்டு தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு வந்தார். ஒரு விஷயம் மண்டையைக் குடைந்தது. இன்ஜின்கள் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போகின்றன. ஊற்றுகிற பெட்ரோல் மட்டும் மட்டமாகவே இருக்கிறதே!

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அதில் கொஞ்சம்தான் பெட்ரோல் வரும். மீதி, கெட்டியான நீள நீள மூலக்கூறுகள். அவற்றை உடைத்தால்தான் பெட்ரோல். அன்றைக்கு உடைக்கிற முறை ஒன்றே ஒன்றுதான்: கண்மண் தெரியாமல் சூடாக்குவது. கரும்பைக் கட்டையால் அடித்துச் சாறு எடுக்கிற மாதிரி. உடையும், ஆனால் தரம் இருக்காது. இன்ஜினில் ‘டக் டக்’ என்று இடிக்கும்.

ஹூட்ரி நம்பியது வினையூக்கியை. பள்ளிக்கூடத்தில் ‘கிரியா ஊக்கி’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டையும் சேர்த்து வைப்பார், தாலி கட்டியதும் அடுத்த வரனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். எத்தனை கல்யாணம் செய்து வைத்தாலும் அவர் அப்படியே இருப்பார். அந்தத் தரகர் இருந்தால் சூடு குறைவாகப் போதும், வேண்டியது மட்டும் உருவாகும், கழிவு குறையும். தரகு கூடக் கேட்கமாட்டார்!

முதலில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க முயன்றார். பிரான்ஸில் எண்ணெய் இல்லை, கரி உண்டு. நூற்றுக்கணக்கான பொருள்களை வினையூக்கியாகப் போட்டுப் பார்த்தார். வந்த பெட்ரோலைத் தன்னுடைய புகாட்டி காரிலேயே ஊற்றி மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். இதைவிட நல்ல லேப் உண்டா? 1929-ல் அரசாங்க உதவியோடு ஒரு ஆலையே கட்டினார்கள். கட்டுப்படியாகவில்லை. அரசாங்கம் கையை விரித்துவிட்டது.

ஆனால் அந்த அலைச்சலில் ஒரு பொக்கிஷம் கிடைத்திருந்தது. வேறெதுவும் இல்லை, களிமண்! அமிலத்தில் பதப்படுத்திய ஒருவகைக் களிமண்மேல் கனமான எண்ணெயின் ஆவியைச் செலுத்தினால், அருமையான பெட்ரோலாக உடைந்தது.

ஒரே ஒரு சிக்கல். கொஞ்ச நேரத்திலேயே களிமண்ணின்மேல் கரி படிந்துவிடும். அடுப்பில் வைத்த சட்டியின் அடி மாதிரி. தரகரின் வாயில் துணியை அடைத்தாற்போல வினையூக்கி செத்துப்போகும். இதற்கு முன்னால் முயன்றவர்கள் எல்லாரும் இங்கேதான் ‘போதுமப்பா’ என்று எழுந்து போனார்கள். ஹூட்ரி என்ன செய்தார் தெரியுமா? கரிதானே, எரித்துவிடு என்றார். பத்து நிமிஷம் எண்ணெய், அப்புறம் எண்ணெயை நிறுத்திவிட்டுக் காற்று. கரி எரிந்து களிமண் புதுசாகிவிடும். அது எரிகிற சூட்டையே எடுத்து அடுத்த ரவுண்டு எண்ணெயைக் காய்ச்சலாம். நாலைந்து தொட்டிகளை மாற்றி மாற்றி ஓட்டினால் ஆலை நிற்கவே நிற்காது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மகா ஐடியா களிமண் இல்லை, இந்த ‘எரித்துவிடு’தான். கடைசியில் இதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

1930-ல் அமெரிக்காவின் வாக்வம் ஆயில் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. லேபை மூட்டைகட்டிக்கொண்டு, சகாக்களோடு நியூஜெர்ஸியில் பால்ஸ்பரோ என்ற ஊருக்குப் போய் இறங்கினார். அமெரிக்காவோ பொருளாதார வீழ்ச்சியில் தவித்துக்கொண்டிருந்த நேரம். எப்படியோ தாக்குப்பிடித்தார். சன் ஆயில் கம்பெனியும் பின்னால் சேர்ந்துகொண்டது. 1937-ல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் ஒரு நாளைக்கு 12,000 பீப்பாய் எண்ணெயை உடைக்கிற ஆலை ஓட ஆரம்பித்தது. மறுவருஷம் விஷயம் வெளியே வந்தபோது மற்ற எண்ணெய்க் கம்பெனிகள் ஆடிப்போயின. (ஹூட்ரி தரப்பு கேட்ட ராயல்டியைக் கேட்டும் ஆடிப்போயின. அதனாலேயே கூட்டணி போட்டு வேறு வழி தேடி, களிமண்ணைப் பொடியாக்கித் தண்ணீர் மாதிரி ஓடவிடுகிற முறையை 1942-ல் கொண்டுவந்தார்கள். கஞ்சத்தனத்தாலும் விஞ்ஞானம் வளரும்!)

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வேண்டியிருந்தது. அதற்கு அடிப்படை எண்ணெய் தந்தவை ஹூட்ரியின் ஆலைகள். அதே சமயம் அவர் தாய்நாடு ஹிட்லரிடம் விழுந்துகிடந்தது. ஹூட்ரி சும்மா இருக்கவில்லை. டி கால் பக்கம் நின்றார், அமெரிக்காவில் அவருக்காகச் சங்கம் நடத்தினார். ஹிட்லருக்குத் தலையாட்டிய விஷி அரசாங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 1941-ல் ஹூட்ரியின் குடியுரிமையையே பறித்துவிட்டது. டாங்குக்குப் பக்கத்தில் ரத்தம் சிந்தியவரின் குடியுரிமை! அடுத்த ஜனவரியில் அவர் அமெரிக்கக் குடிமகன்.

இதோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு பணக்காரக் கண்டுபிடிப்பாளர், அவ்வளவுதான். ஆனால் வயது ஐம்பத்தெட்டில் மனுஷர் வேறொரு கவலையில் இறங்கினார். பெட்ரோலைப் பெருக்கியாகிவிட்டது. அது எரிந்து வரும் புகை? நுரையீரல் புற்றுநோய் கூடுவதற்கும் புகைக்கும் தொடர்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டார். 1950 வாக்கில் ஆக்ஸி கேட்டலிஸ்ட் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, காரின் புகைக்குழாயில் மாட்டுகிற வினையூக்கிப் பெட்டியை உருவாக்கினார். விஷப்புகை உள்ளே போகும், பெருமளவு நல்ல காற்றாக வெளியே வரும். காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் கார்களில் மாட்ட முடியவில்லை. காரணம், பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். இன்ஜின் இடிப்பதை மலிவாக நிறுத்த 1923-லிருந்தே பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஈயம் பெட்டியின் வினையூக்கியைச் சீக்கிரமே பாழாக்கிவிடும். கரியை எரிக்கலாம். ஈயத்தை என்ன செய்வது? ஈயத்தை நிறுத்துங்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஹூட்ரி 1962-ல் காலமானார். அமெரிக்கக் கார்களில் அந்தப் பெட்டி வந்தது 1975 மாடலிலிருந்து. இந்தியா ஈயப் பெட்ரோலை 2000 பிப்ரவரியில் நிறுத்தியது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். நடுவில் எத்தனை குழந்தைகள் அந்த ஈயத்தைச் சுவாசித்து வளர்ந்தார்கள் என்பதை யோசித்தால் வயிறு கலங்குகிறது.

* * *

ஹூட்ரி கண்ணை மூடிய அதே 1962-ல்தான் அவருடைய களிமண்ணுக்கும் ஓய்வு கொடுக்க ஆள் வந்தது. நம் பழைய நண்பர், கொதிக்கும் கல்!

இடைப்பட்ட காலத்தில் கல்லை மியூசியத்திலிருந்து எழுப்பியிருந்தார்கள். ரிச்சர்ட் பேரர் என்ற நியூசிலாந்துக்காரர் பிரிட்டனில் உட்கார்ந்து, இந்தக் கல்லுக்குள் எந்த மூலக்கூறு நுழையும், எது நுழையாது என்று வருஷக்கணக்கில் அளந்தார். 1948-ல் இயற்கையில் இல்லாத ஒரு ஜியோலைட்டையே செய்து காட்டினார். அடுத்து அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் ராபர்ட் மில்டன். காற்றிலிருந்து ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்கச் சல்லடை தேடியவர். இயற்கை எரிமலைச் சாம்பலில் ஆயிரக்கணக்கான வருஷம் உட்கார்ந்து செய்வதை, மில்டன் சிலிக்கா, அலுமினா, காரம் கலந்த கூழைத் தண்ணீர் கொதிக்கிற சூட்டில் வைத்து, மணிக்கணக்கில் செய்து முடித்தார். ‘ஏ’, ‘எக்ஸ்’ என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். 1954-ல் விற்பனைக்கு வந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். 2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவின் இரண்டாவது அலை. ஆஸ்பத்திரி வாசலில் ஆக்ஸிஜனுக்கு ஜனங்கள் தவித்த நாட்கள். அவசரமாக ஆக்ஸிஜன் ஆலைகளைக் கட்டினார்களே, அவற்றுக்குள் இருப்பது மில்டன் வழிவந்த ஜியோலைட் உருண்டைகள்தான். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை அனுப்பிவிடும். நம்மிடம் கல் போதவில்லை. ஏர் இந்தியா விமானங்கள் ரோமிலிருந்து பெங்களூருக்கு டன் கணக்கில் ஜியோலைட்டைச் சுமந்துவந்தன. குரோன்ஸ்டெட் ஊதிப் பார்த்த கல்லின் வாரிசுக்காக ஒரு தேசமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்ரோலுக்கு வருவோம். ஹூட்ரி வந்திறங்கிய அதே பால்ஸ்பரோ. வாக்வம் ஆயில் கைமாறி, பெயர் மாறி, மொபில் ஆகியிருந்தது. அங்கே சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரோஸின்ஸ்கி என்று இரண்டு பேர். பிளாங்க் பிறந்தது நம் கல்கத்தாவில்! எண்ணெய் உடைக்கக் களிமண்ணுக்குப் பதில் மில்டனின் ஜியோலைட்டைப் போட்டால் என்ன என்று யோசித்தார்கள்.

மண்டபத்தில் ஒவ்வொரு அலுமினியத் தூணுக்கும் ஒரு எதிர்மின் சுமை உண்டு. அதைச் சமாளிக்கப் பக்கத்திலேயே ஒரு சோடியம் அணு காவலுக்கு நிற்கும். அந்தக் காவலாளியை அனுப்பிவிட்டு ஹைட்ரஜனை நிறுத்தினால், தூண் ஒரு பலமான அமிலமாகிவிடும். கையில் எடுத்தால் வெறும் பொடி. உள்ளே, அறைக்கு அறை அமிலம்! ஆனால் ஹைட்ரஜன் மட்டும் இருந்தால் மண்டபம் சூட்டில் ஆட்டம் காணும். இருவரும் அரிமண் உலோகங்களையும் சேர்த்து நிறுத்தினார்கள். உறுதி வந்தது. பழைய சரக்கைவிட இது எத்தனையோ மடங்கு வேகம். வேகம் தாங்காமல் வேறு பொருளோடு கலந்து வீரியத்தைக் குறைத்துத்தான் ஆலையில் போட முடிந்தது. அதே பீப்பாயில் கூடுதல் பெட்ரோல், குறைவான கரி. சில வருஷங்களிலேயே அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் மாறிவிட்டன.

மொபில் அதோடு விடவில்லை. அடுத்து வந்தது இசட்.எஸ்.எம்.-5 என்ற மகா கெட்டிக்காரக் கல். இதைச் செய்த விதமே தனி. வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் அடிக்கிறோம் இல்லையா? கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்துவிடுவோம். அதே மாதிரி ஒரு கரிம மூலக்கூறைச் சென்ட்ரிங்காக நிறுத்தி, அதைச் சுற்றிக் கல்லை வளரவிட்டு, கடைசியில் சென்ட்ரிங்கை எரித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நேர்த்தியான சுரங்கப் பாதைகள். ஆர்காவர், லேண்டால்ட் இருவர் பெயரில் 1972-ல் காப்புரிமை.

அந்தப் பாதையின் அகலம் அபாரமான கணக்கு. ஸைலீன் என்ற பொருளில் மூன்று ரகம் உண்டு. மூன்றுக்கும் அணுக்கள் ஒன்றே, உருவம் மட்டும் வேறு. பாராஸைலீன் ஒல்லி. மற்ற இரண்டும் கையை அகட்டிக்கொண்டு நிற்பவை. ஒல்லிப்பிச்சான் சுலபமாக நழுவி வெளியே வந்துவிடும். மற்றவை உள்ளே முட்டி மோதி, தாங்களும் பாராவாக மாறினால்தான் வாசல் தாண்ட முடியும். பாலியெஸ்டர் துணிக்கு வேண்டியது இந்தப் பாரா ஒன்றுதான். பஸ்ஸில் படிக்கட்டு சின்னதாக இருந்தால் குண்டர்கள் ஏறமாட்டார்கள் என்பது மாதிரியான விஷயம்தான். அதில் ஒரு உலகத் தொழிலே நிற்கிறது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போனால் தப்பு. பால் ரத்தினசாமி. சென்னையில் பிறந்து, லயோலாவில் படித்து, புனே தேசிய ரசாயன ஆய்வகத்துக்குப் போய், பின்னால் அதற்கே இயக்குநர் ஆனவர். இறக்குமதியை நம்பிக்கொண்டிருக்காமல் இந்த வகைக் கல்லை இங்கேயே செய்யமுடியும் என்று காட்டிய அணியின் தலைவர். 1980-களிலேயே பரோடாவின் ஐ.பி.சி.எல். ஆலையில் ஸைலீன் மாற்றத்துக்கு அந்த உள்ளூர்ச் சரக்கு இறங்கியது. 1984-ல் பட்நாகர் பரிசு, 2001-ல் பத்மஸ்ரீ. நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகம் அலறியது. மொபில் ஆட்கள் வேறு எதற்கோ மெத்தனாலை இந்தக் கல்லின்மேல் விட்டுப் பார்த்திருந்தார்கள். எதிர்பாராமல் பெட்ரோல் வந்து நின்றது! நியூசிலாந்திடம் எரிவாயு உண்டு, எண்ணெய் குறைவு. மோட்டுனுய் என்ற இடத்தில் 1985-ல் ஆலை போட்டார்கள். எரிவாயு மெத்தனால் ஆகி, மெத்தனால் பெட்ரோல் ஆகி, நாட்டின் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. அப்புறம் கச்சா எண்ணெய் விலை விழுந்தது, மெத்தனாலாகவே விற்பது லாபம் என்று தெரிந்தது. 1990-களின் கடைசியில் பெட்ரோல் பகுதியை மூடிவிட்டார்கள். விஞ்ஞானம் ஜெயித்து வியாபாரம் தோற்ற கேஸ்.

* * *

இதுவரை பார்த்தால் கல்லின் வேலையெல்லாம் பெட்ரோல், பெட்ரோல், பெட்ரோல். இதில் பசுமை எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்ரோலைப் பெருக்கிய கல்லே ரசாயன ஆலையின் சாக்கடையைச் சுத்தம் செய்யவும் வந்தது என்பதுதான் வேடிக்கை.

பிளாஸ்டிக்குக்கு வேண்டிய எத்தில்பென்சீனைச் செய்ய அலுமினியம் குளோரைடு என்ற சரக்கைத்தான் வெகுகாலம் போட்டுவந்தார்கள். குழாயை அரிக்கும், கையை அரிக்கும், வேலை முடிந்தபின் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கழுவிக் கொட்ட வேண்டியதுதான். எங்கே கொட்டுவது? ஆறுகள் எதற்கு இருக்கின்றன! 1980 முதல் அந்த வேலையை இசட்.எஸ்.எம்.-5 செய்ய ஆரம்பித்தது. அமிலம் கல்லுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஒழுகாது, கழுவ வேண்டாம்.

ரோஜர் ஷெல்டன் என்பவர் 1992-ல் ஒரு எளிய கணக்கு போட்டார். ஒரு கிலோ சரக்கு செய்தால் எத்தனை கிலோ குப்பை? எண்ணெய் சுத்திகரிப்பில் கால்கிலோ கூட இல்லை, நூறு கிராமுக்கும் கீழே. மருந்துத் தொழிலில்? ஒரு கிலோவுக்கு 25-லிருந்து 100 கிலோ, அதற்கும் மேலே! புகை கக்கும் எண்ணெய் ஆலையைத் திட்டிக்கொண்டிருந்த நமக்கு, வெள்ளைக் கோட்டு மருந்துக் கம்பெனியின் கணக்கு ஒரு அதிர்ச்சி. குப்பையில் பெரும்பகுதி, வேலை முடிந்து கழுவிவிட்ட அமிலங்களும் உப்புகளும் கரைப்பான்களும்.

மெத்தை ஃபோம் கதையைப் பாருங்கள். அதற்கு ப்ரொப்பிலீன் ஆக்ஸைடு வேண்டும். பழைய வழியில் குளோரினைச் சேர்த்து, பிறகு சுண்ணாம்பு போட்டுக் குளோரினை எடுக்க வேண்டும். கடைசிச் சரக்கில் குளோரினே இல்லை! சும்மா வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. ஆனால் ஒரு டன் சரக்குக்குச் சுமார் 40 டன் உப்புக் கழிவுநீரை விட்டுவிட்டுப் போவார். 1983-ல் இத்தாலியர்கள் ஜியோலைட்டின் சுவரில் அலுமினியத்தை எடுத்துவிட்டு, அங்கங்கே டைட்டேனியத்தை வைத்துக் கட்டினார்கள். டி.எஸ்.-1. இதன்மேல் ப்ரொப்பிலீனையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் விட்டால் ப்ரொப்பிலீன் ஆக்ஸைடு வரும். கூட வரும் கழிவு? தண்ணீர்! 2008-ல் கொரியாவின் உல்சானிலும், அதையொட்டி பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலும் ஆலைகள் ஓடத் தொடங்கின. ஆண்ட்வெர்ப்பில் பி.ஏ.எஸ்.எஃப்., டௌ கம்பெனிகள் போட்டதில் கழிவுநீர் 70-80 சதவிகிதமும், மின்சாரம் எரிபொருள் செலவு 35 சதவிகிதமும் குறைந்தன. 2010-ல் அமெரிக்காவின் பசுமை ரசாயன விருது.

கண்டுபிடித்ததிலிருந்து ஆலை வர 25 வருஷம் ஆனதைக் கவனித்தீர்களா? ஒரு லேபில் ஒரு சிட்டிகைப் பொடி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கும், ஒரு ஆற்றில் கழிவு குறைகிறது என்பதற்கும் நடுவே அவ்வளவு தூரம்.

* * *

கல் மண்டபத்தின் கஷ்டம் ஒன்று உண்டு. இருநூற்றுச் சொச்சம் வடிவங்கள்தான் தெரியும். ஆலைக்கு வந்தது அதிலும் கொஞ்சம். வாசலோ சின்னது. மருந்து மூலக்கூறு மாதிரி பெரிய ஆசாமிகள் உள்ளே போக முடியாது. இஷ்டப்படி பெரிய மண்டபம் கட்டமுடியுமா?

1974-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன் என்ற வாத்தியார், பாடம் நடத்த மர உருண்டைகளில் துளை போட்டு வாங்க வேண்டியிருந்தது. உருண்டை அணு, குச்சி பிணைப்பு. பையன்கள் செருகி மாதிரி செய்வார்கள். துளைகளை எந்தக் கோணத்தில் போடவேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தார். மாதிரிகளைச் செருகிப் பார்த்தபோது பொறி தட்டியது. துளை சரியான இடத்தில் இருந்தால் கட்டடம் தானாகவே சரியாக வந்துவிடுகிறது! உருண்டைக்குப் பதில் உலோக அணு, குச்சிக்குப் பதில் கரிம மூலக்கூறு என்று போட்டால்?

நினைத்தவர் செய்து பார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 1989-ல் செம்பு அயனியையும் நாலு கை உள்ள ஒரு கரிம மூலக்கூறையும் கலந்தார். வைரத்தின் அமைப்பில், ஆனால் உள்ளே வெட்டவெளியாக ஒரு படிகம். லேசில் இடிந்துபோகும் மண்டபம்தான். பலர் இதை ஒரு விளையாட்டாகவே பார்த்தார்கள். ஜப்பானில் சுசுமு கிட்டகாவா 1997-ல் வாயுவை உள்ளே வாங்கி வெளியே விட்டும் இடியாத மண்டபத்தைக் காட்டினார். அமெரிக்காவில் ஓமர் யாகி 1999-ல் எம்.ஓ.எஃப்.-5 என்று ஒன்றைக் கட்டினார். சில கிராம் பொடியை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம்! யாகி ஜோர்டானின் அம்மானில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், கரண்ட் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். பதினைந்து வயதில் அமெரிக்கா போனவர். மூவருக்கும் 2025-ல் ரசாயன நோபல். ராப்சனுக்கு அப்போது வயது 88.

இந்தப் புது மண்டபத்தில் வினையூக்கியை வேண்டிய தூணில் வேண்டியபடி பொருத்தலாம். ஜப்பானின் மகோதோ ஃபுஜிதா 1994-லேயே ஒரு காட்மியம் மண்டபத்துக்குள் ஒரு ரசாயன மாற்றத்தை நடத்திக் காட்டினார். 2008-ல் ஆஸ்லோவில் ஸிர்க்கோனியத் தூண்களோடு ஒன்றைக் கட்டினார்கள், தண்ணீருக்கும் அசராதது. அதே வம்சத்துப் பொடிகள் நரம்பைத் தாக்கும் ரசாயன ஆயுத விஷத்தைச் சில நிமிடங்களில் உடைத்துப்போடுகின்றன. பல்லேடியம், பிளாட்டினம் அணுக்களை ஒவ்வொன்றாக இந்த அறைகளில் குடிவைக்கிறார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாது, விலையுயர்ந்த உலோகம் வீணாகாது. மண்டபங்களின் எண்ணிக்கையோ பல்லாயிரம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் மலையாகக் குவிகின்றன.

ஆனால் பெரிய ரசாயன ஆலைகளின் உலைக்குள் எட்டிப் பார்த்தால் பழைய கல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏன்? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஹூட்ரிக்கு வந்த அதே தொல்லை. எந்த மண்டபமானாலும் கொஞ்ச நாளில் உள்ளே கரி படியும், பிசுக்கு அடைக்கும். ஜியோலைட் என்றால் ஹூட்ரி சொன்ன வைத்தியம் இருக்கிறது. எழுநூறு டிகிரியில் காற்றை ஊதினால் கரி எரிந்துபோகும், கல் அசையாது. எண்ணெய் ஆலைகளில் இது இரவும் பகலும் நடக்கிறது. புது மண்டபத்தின் குச்சிகளோ கரிமப் பொருள். பெரும்பாலானவை முந்நூறு, நானூறு டிகிரியிலேயே சுருண்டுவிடும். கரியை எரிக்கக் காற்றை ஊதினால், கரியோடு சேர்ந்து மண்டபமும் எரிந்துபோகும்.

எரிக்காமல் எப்படிச் சுத்தம் செய்வது? கரைப்பானில் கழுவலாம் என்கிறார்கள் சிலர். அப்படிக் கழுவினால் அந்தக் கழிவு ஷெல்டன் கணக்கில் ஏறிவிடும்.